காரில் வரும் சத்தம்: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

கடலூரில் ஒரு கார் ஒர்க்‌ஷாப்பில் ஜாப் கார்டு எழுதுவது என் வேலை. ஸ்பானர் பிடிப்பவன் அல்ல. வண்டியை விட வருபவர் சொல்வதைக் கேட்டு, மேஸ்திரிக்குப் புரிகிற மாதிரி எழுதிக் கொடுப்பவன். மைலேஜ், ஏசி, பிரேக் என்று ஆயிரம் புகார் வந்தாலும் "ஏதோ சத்தம் வருது" என்பதற்கு ஈடாக எதுவும் வருவதில்லை. ஒரே சந்தேகத்துக்குத் தினமும் பதில் சொல்லிச் சொல்லித் தொண்டை வற்றியதால் இங்கே எழுதி வைக்கிறேன். கேள்விகள் கேட்டவர்கள் கேட்டபடியே இருக்கின்றன.

"வண்டியில ஏதோ சத்தம் வருது சார். என்னன்னு பாத்துச் சொல்ல முடியுமா?"

பார்க்கலாம். அதற்கு முன் நான் சில விஷயம் கேட்பேன். இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது வருகிறதா, சூடான பிறகா? நின்றிருக்கும்போதே வருகிறதா, ஓடினால்தானா? ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் சத்தமும் வேகமாகிறதா? ஏசி, ஸ்டீயரிங், க்ளட்ச், பிரேக் எதையாவது தொட்டால் மாறுகிறதா? இதற்கெல்லாம் பதில் கிடைத்தால் பாதி வேலை கவுண்டரிலேயே முடிந்துவிடும். "டேப்பெட் போச்சு", "பேரிங் போச்சு" என்று பெயர் வைத்துக்கொண்டு வருபவர்களிடம்தான் அதிக நேரம் பிடிக்கிறது. முதலில் அந்தப் பெயரைக் கழற்ற வேண்டும், பிறகுதான் வண்டியைக் கழற்ற முடியும்.

சத்தத்தை வாயால் செய்து காட்ட வெட்கப்பட வேண்டாம். கொடகொட, சலசல, கீச், புஸ், லொடலொட, டொக்டொக் என்று நமக்கு வார்த்தைக்கா பஞ்சம்? ஒரு ரிட்டயர்டு தலைமை ஆசிரியர் வந்திருந்தார். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "கிர்ர்ர்ர்ர்..." என்றார். நிறுத்தினார். அடுத்தது வரும் என்று நான் காத்திருந்தேன். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி அரை நிமிடம் சும்மா நின்றுவிட்டு மறுபடி "கிர்ர்ர்ர்ர்..." என்றார். சத்தத்தை விட அந்த இடைவெளிதான் விஷயம். விட்டு விட்டு ஓடுவது ரேடியேட்டர் ஃபேன். மேஸ்திரி பானட்டைத் திறந்து பார்த்தபோது ஃபேன் கூட்டுக்குள் ஒரு பிளாஸ்டிக் கவர் சுருண்டு கிடந்தது. ஐந்து நிமிட வேலை, காசு வாங்கவில்லை.

"இன்ஜின்லதான் வருதா, வீல்ல வருதான்னே தெரியல."

நின்ற இடத்தில், ஹேண்ட் பிரேக் போட்டு, நியூட்ரலில் வைத்து ரேஸ் பண்ணுங்கள். சத்தம் வந்தால் அது இன்ஜினோ, அதோடு சேர்ந்து சுற்றும் பாகமோதான். வராவிட்டால் ஆள் நடமாட்டமில்லாத நேர் ரோட்டில் ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் போய் நியூட்ரலுக்கு மாற்றி உருள விடுங்கள். இன்ஜின் ஐடிலிங்குக்கு (மிதிக்காமல் சும்மா ஓடும் வேகத்துக்கு) இறங்கிய பிறகும் சத்தம் அதே சுருதியில் தொடர்ந்தால் வீல் பேரிங் அல்லது டயர். வண்டி வேகம் குறையக் குறைய அதுவும் குறையும். சோதனை செய்கிறேன் என்று ஓடும்போது சாவியை மட்டும் திருப்பி அணைத்துவிடாதீர்கள். பவர் ஸ்டீயரிங் உதவி போய்விடும், பிரேக்கும் கல்லாகிவிடும்.

வீல் பேரிங் என்றால் ஒரு பக்கம் வளைக்கும்போது ஊளை கூடும், மறுபக்கம் வளைத்தால் அடங்கும். எடை எந்தப் பக்கம் ஏறுகிறதோ அந்தப் பக்கத்து பேரிங் கத்துகிறது என்று பொருள். ஸ்டீயரிங்கை முழுசாக ஒடித்து மெதுவாகச் சுற்றும்போது மட்டும் "டக் டக் டக்" என்றால் ஆக்ஸில் ஜாயின்ட். சில்வர் பீச் பார்க்கிங் காலியாக இருக்கும் காலை நேரம் இதைப் பார்க்கத் தோதானது. இரண்டுமே இன்ஜின் சத்தம் என்று எங்களிடம் வருபவை.

"சாவி போட்டதுமே ங்ங்ங்னு ஒரு சத்தம், ஆஃப் பண்ணா டிங் டிங்னு ஒரு சத்தம். புது வண்டிங்க இது!"

பயப்பட ஒன்றுமில்லை. சாவி போட்டதும் பின்சீட்டுப் பக்கம் இரண்டு வினாடி கேட்பது பெட்ரோல் பம்ப் அழுத்தம் ஏற்றும் சத்தம். ஓடி நின்றதும் "டிங் டிங்" என்பது சூடான சைலன்சர் குளிர்ந்து சுருங்குவது. இன்ஜினை நிறுத்திய பிறகும் ஃபேன் சிறிது நேரம் ஓடும் வண்டிகள் உண்டு. ஏசி போட்டதும் "டக்" என்று ஒரு தட்டல் கம்ப்ரஸர் க்ளட்ச் பிடிப்பது. பானட்டைத் திறந்தால் தையல் மெஷின் மாதிரி மெல்லிய டிக்டிக் கேட்டால் எரிபொருளைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்.

பழகிய சத்தத்தைத் தெரிந்து வைத்திருந்தால்தான் புதுச் சத்தம் காதில் விழும். வண்டி நன்றாக இருக்கும் நாளிலேயே ஒரு தடவை பானட்டைத் திறந்து கேட்டு வையுங்கள்.

"காலைல ஃபர்ஸ்ட் ஸ்டார்ட்ல மட்டும் கடகடன்னு அடிக்குது. அப்புறம் ஒண்ணுமே இல்ல."

எத்தனை வினாடி என்று எண்ணுங்கள். இரவு முழுக்க நிற்கும்போது ஆயில் கீழே சம்ப்புக்கு, அதாவது இன்ஜின் அடியில் இருக்கும் ஆயில் தொட்டிக்கு, வடிந்துவிடும். ஸ்டார்ட் பண்ணியதும் பம்ப் அதை மேலே ஏற்றும் வரை உலோகம் உலோகத்தைத் தட்டும். ஒன்றிரண்டு வினாடி என்றால் பெரும்பாலும் இவ்வளவுதான். சமீபத்தில் ஆயில் மாற்றிய பிறகு இது ஆரம்பித்திருந்தால் ஃபில்டர் மேல் சந்தேகப்படுங்கள். நல்ல ஃபில்டருக்குள் ஆயில் திரும்ப வடியாமல் தடுக்க ஒரு ரப்பர் வால்வு இருக்கும். மட்டமான ஃபில்டரில் அது பேருக்குத்தான்.

ஐந்து வினாடி, பத்து வினாடி என்று நாளுக்கு நாள் நீண்டால், வால்வுகளை இன்ஜின் சுற்றுக்கு ஏற்றபடி திறக்க வைக்கும் டைமிங் செயினைப் பார்க்க வேண்டும். செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் ஆயில் அழுத்தத்தில் வேலை செய்கிறது. செயின் நீண்டோ டென்ஷனர் தளர்ந்தோ போனால், அழுத்தம் ஏறும் வரை செயின் உள்ளே மூடியில் மோதும். ஸ்விஃப்ட், டிசையர் டீசலில் வந்த 1.3 லிட்டர் இன்ஜினில் நாங்கள் அதிகம் பார்த்தது இதைத்தான். உங்கள் வண்டியில் இருப்பது செயினா பெல்ட்டா என்று தெரிந்துகொள்ளுங்கள். மாருதி 800, பழைய சான்ட்ரோ, இண்டிகா டீசல் எல்லாம் பெல்ட். டைமிங் பெல்ட் செயின் மாதிரி முன்கூட்டிக் கடகடக்காது, பெரும்பாலும் சொல்லாமல் அறுந்துவிடும். அதற்குக் காதை நம்ப முடியாது, கிலோமீட்டர் கணக்குத்தான்.

எதுவாக இருந்தாலும் முதலில் ஆயில் அளவு. சமதளத்தில் நிறுத்தி, இன்ஜினை அணைத்துப் பத்து நிமிடம் விடுங்கள். டிப்ஸ்டிக்கை உருவித் துடைத்து, அடி வரை செருகி மறுபடி உருவிப் பாருங்கள். முதல் உருவலில் தெரிவது ஆயில் தெறித்த கோடு, அதை நம்பாதீர்கள். மேல் குறிக்கும் கீழ்க் குறிக்கும் நடுவே பெரும்பாலான கார்களில் ஒரு லிட்டர் அளவுக்கு வித்தியாசம். கீழ்க் குறிக்கும் கீழே போன வண்டியைக் கொண்டு வந்து "சத்தம் வருது" என்பவர்கள் வாரம் ஒருவராவது உண்டு.

"டிக்டிக்டிக்னு டேப்பெட் சத்தம். டேப்பெட் அட்ஜஸ்ட் பண்ணினா போயிடும்ல?"

போகலாம், அது டேப்பெட்டாக இருந்தால். சிலிண்டருக்குள் காற்றும் புகையும் போய்வரும் வால்வைத் தட்டித் திறக்கும் பாகம்தான் டேப்பெட். இன்ஜின் இரண்டு சுற்றுச் சுற்றினால் ஒரு வால்வு ஒரு தடவை திறக்கும். ஐடிலிங்கில் நிமிடத்துக்கு 800 சுற்று என்றால் ஒரு வால்வின் தட்டல் நிமிடத்துக்கு 400, அதாவது வினாடிக்கு ஆறு ஏழு. இன்ஜினின் வேகத்துக்குப் பாதி வேகத்தில், மேலிருந்து, லேசாக, தையல் மெஷின் போல வந்தால் வால்வு பக்கம். இன்ஜின் வேகத்துக்கே, கீழிருந்து, கனமாக வந்தால் அது வேறு கதை, பின்னால் வருகிறது. இன்னொன்று, இப்போதைய பல இன்ஜின்களில் திருகி அட்ஜஸ்ட் பண்ண எதுவுமே கிடையாது. ஹைட்ராலிக்காகத் தானே சரிசெய்துகொள்ளும், அல்லது தகடு மாற்றும் வகையாக இருக்கும். ஹைட்ராலிக் வகை சத்தம் போட்டால் ஆயிலைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

டேப்பெட் வேஷம் போடுவதில் கெட்டிக்காரன் எக்ஸாஸ்ட் லீக். இன்ஜினிலிருந்து புகை வெளியேறும் குழாய்த் தொகுப்பான மெனிபோல்டின் கேஸ்கெட் எரிந்தாலோ ஸ்டட் ஒன்று ஒடிந்தாலோ, அந்த இடுக்கில் புகை வெளியேறும்போது அச்சு அசலாக டிக்டிக் என்றே கேட்கும். ஆரம்பத்தில் நானே ஏமாந்திருக்கிறேன். கார்டில் "டேப்பெட்" என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். பையன்கள் கவரைக் கழற்றி, அளந்து, எல்லாம் சரியாக இருக்கிறதென்று மூடி, அரை நாள் போனது. சாயங்காலம் மேஸ்திரி மெனிபோல்டு ஓரத்தில் விரல் வைத்துக் காட்டினார், கண் மை போலக் கரி ஒட்டியது. குளிர்ந்த இன்ஜினில் சத்தமாக வந்து, சூடேறி இரும்பு விரிந்ததும் அடங்கினால், ஏற்றி மிதிக்கும்போது கூடினால், முதலில் கரிக்கோடு தேடுங்கள். விரல் வைப்பது இன்ஜின் ஆறிய பிறகு.

அதற்குப் பிறகு நான் கார்டில் பாகத்தின் பெயர் எழுதுவதில்லை. கேட்டதை மட்டும் எழுதுகிறேன்.

"சலசலன்னு தகர டப்பா சத்தம். ஒரு குறிப்பிட்ட வேகத்துல மட்டும்."

ஹீட் ஷீல்டு. சைலன்சர் குழாய்க்கு மேல் சூடு தடுக்கும் மெல்லிய தகடு. கடற்கரை ஊர் என்பதால் நம் பக்கம் இது சீக்கிரம் துருப்பிடிக்கும், தேவனாம்பட்டினத்திலும் சோனாங்குப்பத்திலும் நிற்கும் வண்டிகளில் இன்னும் சீக்கிரம். போல்ட் ஓட்டை பெரிதாகித் தகடு ஆடும். வண்டி ஆறியதும் கையால் தட்டினால் அதே சத்தம் வரும். பெரிய ஹோஸ் கிளிப் ஒன்றைச் சுற்றி இறுக்கினால் வருடக்கணக்கில் தாங்கும். பிய்த்து எறியச் சொல்லாதீர்கள், அதற்கு மேலே கார்ப்பெட்டும் வயரிங்கும் இருக்கின்றன.

"மழை பெஞ்சா, இல்ல காலைல பனியில, கீச்ச்ச்னு கத்துது. தெருவே திரும்பிப் பாக்குது."

பெல்ட். பேட்டரியை சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டர், ஏசி, சில வண்டிகளில் ஸ்டீயரிங் பம்ப், வாட்டர் பம்ப் எல்லாவற்றையும் சுற்றும் பெல்ட். கத்தும்போதே வரிவரியாக இருக்கும் பக்கத்தில் கொஞ்சம் தண்ணீர் தெளித்துப் பாருங்கள், ஸ்ப்ரே பாட்டிலால், தள்ளி நின்று. சத்தம் சட்டென்று நின்று சிறிது நேரத்தில் மறுபடி ஆரம்பித்தால் ஏதோ ஒரு புல்லி நேர்கோட்டில் இல்லை. தண்ணீர் பட்டதும் இன்னும் கூடினால் பெல்ட் வழுக்குகிறது, அதாவது இறுக்கம் போதவில்லை அல்லது பெல்ட் தேய்ந்துவிட்டது. புது வகை பெல்ட்டில் வெடிப்பு தெரியாது. பள்ளங்களின் ஆழம் குறைந்திருக்கும், அவ்வளவுதான். "வெடிப்பே இல்லையே" என்று விட்டுவிட வேண்டாம். பெல்ட்டில் சோப்பு, மெழுகுவத்தி, தேங்காய் எண்ணெய் தடவாதீர்கள். அன்றைக்கு அடங்கும், பிறகு ரப்பர் ஊறி வழுக்கல் இரட்டிப்பாகும்.

கீச் என்று இல்லாமல் "உய்ய்ய்" என்றோ "கரகர" என்றோ விடாமல் வந்தால் பெல்ட் சுற்றும் உருளைகளில் ஒன்றின் பேரிங். மேஸ்திரி நீள ஸ்க்ரூ டிரைவரின் முனையை ஆல்டர்னேட்டர் மேல், பிறகு டென்ஷனர் போல்ட் மேல், வாட்டர் பம்ப் மேல் என்று வைத்து, பிடியைக் காதோடு அழுத்திக் கேட்பார். கெட்ட பேரிங் மணலை மெல்வது போலக் கேட்கும். நீங்களும் செய்யலாம், அசையாத பாகத்தில் மட்டும். துண்டு, துப்பட்டா, வேட்டி முனை, தொங்கும் ஐடி கார்டு எதுவும் உடம்பில் இருக்கக் கூடாது. பெல்ட்டில் எது மாட்டினாலும் கையைச் சேர்த்து இழுக்கும்.

"ஏசி போட்டாதான் சத்தம்."

சத்தம் பானட்டுக்குள்ளா, டேஷ்போர்டுக்குள்ளா? டேஷ்போர்டுக்குள் "டர்ர்ர்" என்றால் புளோயரில் இலை. வேப்ப மரத்தடியில் நிறுத்துபவர்களுக்கு வருவது. பானட்டுக்குள் என்றால் கம்ப்ரஸர் அல்லது அதன் புல்லி பேரிங், முன் பதிலில் சொன்ன ஸ்க்ரூ டிரைவர் வித்தைதான். ஏசி போட்டதும் வண்டியே அதிர்ந்து ஸ்டீயரிங் நடுங்கினால் இன்ஜின் மவுண்டிங் ரப்பர் தளர்ந்திருக்கும். ஸ்டார்ட் பண்ணும்போதும் அணைக்கும்போதும் "தொம்" என்று ஒரு இடி கேட்கிறதா என்றும் பாருங்கள்.

"க்ளட்ச்ல கால் வெச்சா சத்தம் வருது. எங்க வீட்டுக்காரர் ஓட்டும்போது கால் எடுத்தா வருதுங்கறார்."

இரண்டும் வேறு வேறு. மிதிக்கும்போது சத்தம் வந்து, எடுத்தால் போனால் ரிலீஸ் பேரிங். நியூட்ரலில் காலை எடுத்திருக்கும்போது வந்து, மிதித்ததும் அடங்கினால் கியர்பாக்ஸுக்குள் இன்புட் ஷாஃப்ட் பேரிங். முதலாவது க்ளட்ச் வேலையோடு முடியும், இரண்டாவதுக்குக் கியர்பாக்ஸைப் பிரிக்க வேண்டும். யார் சொல்வது சரி என்று கேட்ட அந்தத் தம்பதியில் அம்மா சொன்னதுதான் சரியாக இருந்தது. செலவும் குறைவு.

"ஏற்காடு ஏறும்போது கலகலன்னு கோலிக்குண்டு ஆட்டுற மாதிரி சத்தம். ஊர்ல வரவே வராது."

நம் ஊர் தட்டை, இங்கே எப்படி வரும்? இது நாக்கிங். ஸ்பார்க் பிளக் பற்றவைத்த தீ பரவுவதற்குள் மூலையில் மீதியிருக்கும் பெட்ரோல் கலவை தானாக வெடிக்கிறது. மேட்டில் மூன்றாம் கியரிலேயே அடம்பிடித்து மிதித்தால் எந்த இன்ஜினும் இதைச் செய்யும். கியரைக் குறைத்து இன்ஜினைக் கொஞ்சம் வேகமாகச் சுற்ற விடுங்கள், நின்றுவிடும்.

கியரைக் குறைத்தும் வந்தால் இன்ஜின் அதிகம் சூடேறுகிறதா, உள்ளே கரி படிந்திருக்கிறதா, பிளக் சரியான வகைதானா, நாக் சென்சார் வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டும். மலையில் ஒரு நாள் வந்ததற்காக இன்ஜினைப் பிரிக்க வேண்டியதில்லை. விடாமல் அடித்துக்கொண்டே ஓடினால் பிஸ்டன் கெடும் என்பதும் உண்மை.

"பாண்டிச்சேரி பெட்ரோல் போட்டதுலேர்ந்துதான் இந்தச் சத்தம். கலப்படமா?"

புதுச்சேரி எல்லையான முள்ளோடை தாண்டிப் போட்டால் விலை குறைவு என்பதற்கு அங்கே மாநில வரி குறைவு என்பதுதான் காரணம். அதே கம்பெனிகளின் அதே பெட்ரோல்தான். எத்தனால் கலப்பதால் நாக்கிங் வருகிறது என்பதும் சரியல்ல, நாக்கிங்கைத் தாங்கும் திறனைக் காட்டும் ஆக்டேன் எண்ணை எத்தனால் உயர்த்தக்கூடியது. பழைய வண்டியில் ரப்பர் பாகங்களுக்கு அது ஒத்துக்கொள்ளுமா என்பது வேறு கேள்வி. சத்தத்துக்கு அதைக் குற்றம் சொல்ல முடியாது.

டேங்கில் தண்ணீர் இருந்தால் கலகலக்காது. வண்டி திக்கித் திணறும், "தக்... தக்..." என்று உலுக்கும். அடைமழைக்குப் பிறகு எந்த ஊர் பங்கில் போட்டிருந்தாலும் அப்படி ஆகலாம்.

"செக் இன்ஜின் லைட் எரியவே இல்லையே. அப்போ பயமில்லதானே? ஸ்கேனர் போட்டா தெரிஞ்சிடும்ல?"

ஸ்கேனருக்குக் காது கிடையாது. சென்சார் சொல்வதைத்தான் அது படிக்கும். மிஸ்ஃபயர் ஆனால், அதாவது ஒரு சிலிண்டர் சரியாக எரியத் தவறினால், பி0301 என்று கோட் நம்பர் வந்து முதல் சிலிண்டரைக் கைகாட்டும், அந்த உலுக்கலுக்கு அது நல்ல உதவி. பேரிங் கரகரப்பதையோ, ஹீட் ஷீல்டு ஆடுவதையோ, பிஸ்டனை அடியிலுள்ள சுழல் தண்டோடு இணைக்கும் கன்ராடு தட்டுவதையோ அது சொல்லாது. லைட் எரியாமலே இன்ஜின் நாசமாகலாம்.

லைட் நிலையாக எரியாமல் விட்டுவிட்டு மின்னினால் மட்டும் உடனே காலைத் தளர்த்துங்கள். எரியாத பெட்ரோல் சைலன்சரில் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குப் போய் அதைப் பொசுக்கிக்கொண்டிருக்கிறது.

"டொக் டொக் டொக்னு கனமா, சுத்தியால அடிக்கற மாதிரி. மெதுவா ஓட்டிக்கிட்டு வந்துடட்டுமா?"

வேண்டாம். அங்கேயே ஓரங்கட்டி அணையுங்கள். ரெக்கவரி வண்டியில் வரட்டும்.

கிராங்க் எனும் அந்தச் சுழல் தண்டோடு கன்ராடு சேரும் இடத்தில் இரண்டு பிறைத் தகடுகள்தான் பேரிங். தகட்டுக்கும் கிராங்குக்கும் நடுவே மெல்லிய ஆயில் படலம். ஆயில் இல்லாமலோ அழுத்தம் குறைந்தோ அந்தப் படலம் போனால் உலோகம் தேய்ந்து இடைவெளி விழும். பிஸ்டன் உச்சிக்கு ஏறித் திரும்பும் ஒவ்வொரு தடவையும் அந்த இடைவெளியில் ஒரு அடி. மேலே டேப்பெட்டுக்குச் சொன்னதற்கு நேர்மாறாக இது இன்ஜினின் முழு வேகத்துக்கு, கீழிருந்து, சுமை ஏற்றினால் இன்னும் கனமாகக் கேட்கும். உறுதிப்படுத்த மேஸ்திரி ஒவ்வொரு சிலிண்டராக பிளக்கையும் இன்ஜெக்டரையும் துண்டித்துப் பார்ப்பார். எந்த சிலிண்டரைத் துண்டித்ததும் அடி மெலிகிறதோ அதுதான். பத்து வினாடிக்கு மேல் ஓட விடமாட்டார்.

நெல்லிக்குப்பம் பக்கத்துக்காரர் ஒருவருக்கு வேகத்தடையில் சம்ப் அடிபட்டு ஆயில் ஒழுகியிருக்கிறது. சிவப்பு எண்ணெய்க் குடுவை விளக்கு எரிந்தது. வீடு ஆறு கிலோமீட்டர்தானே என்று ஓட்டிவிட்டார். மூன்றாவது கிலோமீட்டரில் டொக் டொக், ஐந்தாவதில் நின்றது. பிரித்த அன்று மேஸ்திரி அந்தத் தகடுகளை பனியன் வேஸ்டில் துடைத்து என் மேசையில் வைத்தார். எதிரெதிராக உட்கார வேண்டியவை சுழன்று ஒன்றின் மேல் ஒன்று ஏறி, ஓரம் பிளேடு மாதிரி ஆகியிருந்தன. கேனில் மீதி இருந்த ஆயிலை வெயிலில் பிடித்தால் ஜிகினா போல மினுமினுப்பு. சிவப்பு விளக்கு எரிந்த இடத்திலேயே நிறுத்தியிருந்தால் சம்ப்பும் ஆயிலும்தான் செலவு. அவர் கிராங்க் வரை மாற்றினார்.

"கெட்டியான ஆயில் ஊத்தினா சத்தம் அடங்கும்னு கடையில சொல்றாங்க."

அடங்கும். வண்டியை விற்பவருக்குப் போதுமான காலம் வரை அடங்கும். 5டபிள்யூ-30 கேட்கும் இன்ஜினில் 20டபிள்யூ-50 ஊற்றினால் இடைவெளிகளில் கெட்டி ஆயில் நின்று அடியைத் தாங்கும். ஆனால் குளிர்ந்த ஸ்டார்ட்டில் மேலே ஏற அதிக நேரம் எடுக்கும். காலைக் கடகடப்புக்குச் சொன்ன காரணமே இங்கே பெரிதாகும், ஹைட்ராலிக் டேப்பெட்டும் செயின் டென்ஷனரும் பட்டினி கிடக்கும். பழைய வண்டி வாங்கப் போகிறவர்கள் ஒன்று செய்யலாம். இன்ஜின் குளிர்ந்திருக்கும்போதுதான் வந்து ஸ்டார்ட் பண்ணுவேன் என்று சொல்லிவிட்டுப் போங்கள். போனதும் பானட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் உங்களுக்கு முன்பே யாரோ ஓட்டிச் சத்தத்தை அடக்கியிருக்கிறார்கள்.

"டீசல் வண்டியே சத்தம்தான். இதுல எதை நல்லது எதைக் கெட்டதுன்னு பிரிக்கறது?"

நேற்றைய சத்தத்தோடு ஒப்பிட்டுத்தான். டீசல் இயல்பாகவே தட்டும், சூடேறினால் மெலியும். சூடேறிய பிறகும் ஒரு சிலிண்டர் மட்டும் தனியாகக் கூர்மையாகத் தட்டி, கூடவே புகையும் வந்தால் இன்ஜெக்டர். இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் திணிக்கும் டர்போ மெல்ல விசிலடிப்பது சாதாரணம். அந்த விசில் சைரன் மாதிரி ஏறி, பிக்கப்பும் குறைந்தால் குழாய் லீக்காகவோ டர்போ பேரிங் தேய்ந்தோ இருக்கலாம். டர்போ நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றும் சாதனம். ஈசிஆரில் விரட்டிவிட்டு வந்தால் உடனே சாவியைத் திருப்பாமல் அரை நிமிடம் ஐடிலிங்கில் விடுங்கள்.

"வெள்ளத்துல வண்டி நின்னுடுச்சு. செல்ஃப் அடிச்சா 'டக்'னு ஒரு சத்தம், அவ்ளோதான். பேட்டரி போச்சா?"

இன்னொரு தடவை சாவியைத் திருப்பாதீர்கள். 2015 வெள்ளத்திலும், 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்த பிறகு தென்பெண்ணை ஊருக்குள் வந்தபோதும் இந்தக் கேள்விதான் எங்கள் போனில் ஓயாமல் வந்தது. காற்று போகும் வழியாகத் தண்ணீர் சிலிண்டருக்குள் போயிருக்கிறது. காற்றை நசுக்கலாம், தண்ணீரை நசுக்க முடியாது. பிஸ்டன் மேலே வந்து முட்டி நிற்கும் சத்தம்தான் அந்த "டக்". திரும்பத் திரும்ப செல்ஃப் அடித்தால் கன்ராடு வளையும். பேட்டரி டெர்மினலைக் கழற்றிவிட்டு, கட்டி இழுத்து வாருங்கள். பிளக்குகளைக் கழற்றினால் தண்ணீர் பீய்ச்சி அடிக்கும், அந்த அளவில் தப்பிய வண்டிகள் நிறைய.

இதில் வில்லங்கம், லேசாக வளைந்த கன்ராடோடும் வண்டி ஓடும். சரியாகிவிட்டது என்று எடுத்துப் போவீர்கள். நாலைந்து மாதம் கழித்து ஒரு சிலிண்டரில் தட்டல், சில சமயம் ராடே ஒடிந்து பிளாக்கில் ஓட்டை. அதனால் வெள்ளத்தில் நின்ற வண்டிக்கு, ஒவ்வொரு சிலிண்டரின் அழுத்தத்தையும் அளக்கும் கம்ப்ரஷன் டெஸ்ட் செய்யாமல் ஸ்டார்ட் ஆனதே போதும் என்று போகாதீர்கள். இன்ஷூரன்ஸ் விஷயத்தில், சாதாரண பாலிசியில் தண்ணீருக்குள் ஸ்டார்ட் பண்ணிக் கெட்ட இன்ஜினுக்குப் பணம் வருவது கஷ்டம். இன்ஜின் புரொடெக்‌ஷன் என்று தனியாகச் சேர்க்கும் பிரிவு இருக்கிறது, நம் ஊரில் வண்டி வைத்திருப்பவர்கள் அதைக் கேட்டு வாங்குங்கள்.

"சிஎன்ஜி போட்டிருக்கேன். முன்ன லேசா டேப்பெட் சத்தம் இருந்துச்சு, இப்ப சுத்தமா இல்ல. செட் ஆயிடுச்சுபோல!"

இந்தப் பக்கத்திலேயே எனக்கு அதிகக் கவலை தரும் கேள்வி இதுதான், ஏனென்றால் சத்தமே இல்லை. சிஎன்ஜி உலர்ந்த எரிபொருள். பெட்ரோலைப் போல வால்வு உட்காரும் இடத்தை நனைத்துக் குளிர்விக்காது. வால்வு கொஞ்சம் கொஞ்சமாகத் தன் இருக்கைக்குள் புதைந்துகொண்டே போகும். புதையப் புதைய டேப்பெட் இடைவெளி குறையும். இடைவெளி இருந்தால்தானே தட்டும்?

இடைவெளி பூஜ்ஜியமானால் வால்வு முழுசாக மூடாது. எரியும் வாயு அந்த இடுக்கில் சீறி வால்வின் விளிம்பை எரித்துவிடும். அப்போது சத்தம் வராது. ஐடிலிங் ஆடும், காலையில் ஸ்டார்ட் ஆகக் கஷ்டப்படும், மேலே சொன்ன பி0301 வகை கோட் நம்பர் ஸ்கேனரில் வரும். டேப்பெட் அளவைக் கம்பெனி புத்தகத்தில் சொன்ன கிலோமீட்டருக்கு ஒரு தடவை அளக்கச் சொல்லுங்கள், சத்தம் வந்தாலும் வராவிட்டாலும்.

"போன்ல ரெக்கார்ட் பண்ணி அனுப்பட்டுமா?"

அனுப்புங்கள், வாய்ஸ் மெசேஜாக வேண்டாம். பேச்சைத் தவிர மற்றதை அமுக்கிவிடும் வேலையைப் போன் தானாகவே செய்கிறது, நமக்கு வேண்டியது அமுங்கிப்போகிறது. வீடியோ எடுங்கள். இரவு நின்ற வண்டியைக் காலையில் ஸ்டார்ட் பண்ணும்போதே ஆரம்பித்து, ஒரு நிமிடம், பேசாமல். பிறகு பானட் மேல், வண்டிக்கு அடிப்பக்கம், உள்ளே டிரைவர் சீட்டில் என்று தனித்தனியாக. ஆர்பிஎம் மீட்டர் தெரிய ஒன்று இருந்தால் மேஸ்திரி உங்களை வாழ்த்துவார். டிவி ஓடும் ஹாலிலிருந்து ஜன்னல் வழியாக எடுத்தது வேண்டாம், அதுவும் வந்திருக்கிறது.

"உங்க ஒர்க்‌ஷாப்புக்கு வந்தா மட்டும் சத்தமே வரமாட்டேங்குது. நான் பொய் சொல்றேன்னு நெனைக்கறீங்களா?"

நினைக்கவே இல்லை. முப்பது நிமிடம் ஓட்டி வந்தால் இன்ஜின் சூடாகியிருக்கும், குளிரில் மட்டும் வரும் சத்தம் எப்படி வரும்? அப்படிப்பட்ட வண்டியை முந்தின நாள் சாயங்காலமே விட்டுவிட்டுப் போங்கள். ராத்திரி ஷெட்டிலேயே நிற்கும். காலை ஏழரைக்கு மேஸ்திரி டீ குடித்து முடித்ததும் வேறு யாரும் தொடுவதற்கு முன் அவரே சாவி போடுவார், நான் பானட் பக்கத்தில் நிற்பேன். ஓடினால்தான் வருகிறது என்றால் நீங்களே ஓட்டுங்கள், மேஸ்திரி பக்கத்தில் உட்காருவார். அவர் ஓட்டினால் வராது. எந்த கியரில், எந்த இடத்தில் எப்படி மிதிக்கிறீர்கள் என்பதில்தான் அது ஒளிந்திருக்கிறது. குடும்பத்தோடு போகும்போது மட்டும் வருகிறதென்றால் பின்சீட்டுக்கு ஆள் கூட்டிக்கொண்டு வாருங்கள். டிக்கியையும் ஒரு தடவை காலி பண்ணிவிட்டு வாருங்கள். "பின்னாடி லொடலொடன்னு" என்று இரண்டு நாள் தேடி, கடைசியில் ஸ்டெப்னிக்கு அடியில் உருண்டுகொண்டிருந்த ஒரு பலாக்கொட்டையைக் கையில் கொடுத்து அனுப்பியிருக்கிறோம். பண்ருட்டிக்காரர்தான்.